‘அவரு உண்மையான ஆளே இல்லை’: விவாதங்களில் வரும் இந்தப் பிழையை அடையாளம் காண்பது எப்படி?

பினாங்கில் ஒரு மாமாக் கடை. தே தாரேக் ஆறுவதற்குள் இரண்டு பேருக்குள் இப்படி ஓர் உரையாடல் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“பெரியார் கொள்கைய ஏத்துக்கிட்டவங்க யாரும் சாதி பார்க்க மாட்டாங்க.”

“அப்படியா அண்ணே? இருபது வருசமா கருப்புச் சட்டை போட்டு மேடை ஏறுனவரு ஒருத்தரு, மகளுக்கு மாப்பிள்ளை தேடுறப்போ முதல்ல சாதியதான கேட்டாரு?”

“அப்படின்னா அவரு உண்மையான பெரியார்வாதியே இல்லை. விடு தம்பி.”

கேட்பதற்கு நியாயமான பதில் போலத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு கேள்வி பதில் சொல்லப்படாமலே மறைந்துவிட்டது. பெரியார்வாதம் என்ற இடத்தில் சோசலிசம், தமிழ்த் தேசியம், பெண்ணியம், சைவம், சுற்றுச்சூழல் இயக்கம் என்று எதைப் போட்டாலும் இதே உரையாடல் நடக்கும். பள்ளி விவாத மேடையிலும் நடக்கும், கட்சி மாநாட்டிலும் நடக்கும். அது என்ன பிழை, எப்போது அது பிழை ஆகாது என்பதை வரலாற்று உதாரணங்களோடு பார்ப்போம்.

பிழைக்குப் பெயர் என்ன?

தர்க்கவியலில் இதை ‘உண்மையான ஸ்காட்லாந்துக்காரர்’ பிழை என்பார்கள். பிரிட்டிஷ் தத்துவவாதி ஆண்டனி ஃப்ளூ, 1975-இல் வெளிவந்த ‘திங்கிங் அபௌட் திங்கிங்’ என்ற நூலில் இதை விளக்கியிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: ஸ்காட்லாந்துக்காரர் எவரும் இப்படியொரு கொடுமையைச் செய்யமாட்டார் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பிறகு அதைவிட மோசமாக நடந்துகொண்ட ஒரு ஸ்காட்லாந்துக்காரரைப் பற்றிய செய்தி வருகிறது. அவரோ தன் கூற்றைத் திருத்திக்கொள்ளாமல், “உண்மையான ஸ்காட்லாந்துக்காரர் எவரும் செய்யமாட்டார்” என்று ஒரு சொல்லை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்.

இதில் மூன்று படிகள் உள்ளன.

1. முதலில் ஒரு பொதுக் கூற்று: “நம்மவர் யாரும் இதைச் செய்யமாட்டார்.” இது உலகத்தைப் பற்றிய கூற்று. விசாரித்தால் சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

2. அடுத்து ஓர் எதிர் உதாரணம்: “இவர் செய்தாரே?”

3. கடைசியில் வரையறை மாற்றம்: “செய்தார் என்றால் அவர் நம்மவரே இல்லை.”

மூன்றாவது படிக்குப் பிறகு முதல் கூற்றை யாராலும் பொய்யாக்க முடியாது. ஏனென்றால் ‘நம்மவர்’ என்ற சொல்லுக்கே ‘இதைச் செய்யாதவர்’ என்று பொருள் கொடுத்தாகிவிட்டது. ‘இதைச் செய்யாதவர் இதைச் செய்யமாட்டார்’ என்பது சரிதான். ஆனால் அதில் ஒரு தகவலும் இல்லை. விளையாட்டு முடிந்த பிறகு கோல் கம்பத்தை நகர்த்தி வைத்துவிட்டு ‘கோல் விழவே இல்லை’ என்று சொல்வதைப் போன்றது இது.

அப்படியானால் யாரையும் விலக்கவே கூடாதா?

அப்படி இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிழையின் பெயரைக் கற்றுக்கொண்டவுடன், ‘அவர் எங்கள் கொள்கைக்காரர் இல்லை’ என்று யார் சொன்னாலும் “ஹா, இது ஸ்காட்லாந்துப் பிழை!” என்று மடக்கத் தோன்றும். எல்லா விலக்கலும் பிழை ஆகாது. மாட்டிறைச்சியும் கோழியும் தினமும் சாப்பிடுகிற ஒருவர் ‘நான் சைவ உணவுக்காரன்’ என்று சொன்னால், ‘நீங்கள் இல்லை’ என்பது சரியான பதில். அந்தச் சொல்லுக்கு முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருள் இருக்கிறது.

வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. அளவுகோல் எப்போது எழுதப்பட்டது? எதிர் உதாரணம் வருவதற்கு முன்பா, வந்த பிறகா?

இதற்குச் சுயமரியாதை இயக்கத்தின் வரலாறே நல்ல உதாரணம். பெரியார் ஈ.வெ.ராமசாமி 1925-இல் ஈரோட்டில் ‘குடி அரசு’ வார இதழைத் தொடங்கினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடவேண்டும், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்பவை அங்கே தீர்மானங்களாக நிறைவேறின. பெரியாரும் ‘நாயக்கர்’ என்ற பட்டத்தை விட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். வந்து இறங்கிய இடம் நம் பினாங்கு. அங்கிருந்து பல ஊர்களுக்குச் சென்று பேசினார். தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்த தமிழர்கள் பலருக்கு சாதி ஒழிப்புப் பேச்சு அப்படித்தான் நேரடியாகப் போய்ச் சேர்ந்தது. 1954-55-இல் அவர் மறுபடியும் மலாயா வந்தார்.

இப்போது ஒருவர் சாதிப் பட்டத்தைப் பெருமையாகப் போட்டுக்கொண்டு ‘நான் சுயமரியாதைக்காரன்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “அது 1929 தீர்மானத்துக்கு எதிரானது” என்று நீங்கள் சொன்னால் அது பிழை இல்லை. அளவுகோல் முன்பே எழுதப்பட்டது. இந்த ஆளைத் தள்ளுவதற்காக நீங்கள் நேற்று கண்டுபிடித்தது இல்லை.

ஆனால் மாமாக் கடை அண்ணன் சொன்னது வேறு. ‘பெரியார்வாதி சாதி பார்க்கக்கூடாது’ என்று அவர் சொல்லியிருந்தால் அது கொள்கை. ‘பார்க்கமாட்டார்’ என்றுதான் சொன்னார். அது நடப்பைப் பற்றிய கூற்று. நடப்பு வேறாக இருந்தபோது கொள்கைக்குள் போய் ஒளிந்துகொண்டார். ‘கூடாது’ என்பதையும் ‘மாட்டார்’ என்பதையும் பிரித்துக் கேட்கப் பழகினாலே பாதிப் பிழை பிடிபட்டுவிடும்.

1949: ஒரே வீட்டில் இரண்டு வரையறை

அளவுகோல் எப்போதும் தீர்மானத்தில் தெளிவாக எழுதியிருக்காது. அப்போது சிக்கல் கூடும்.

1944-இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி ‘திராவிடர் கழகம்’ ஆனது. ஐந்து ஆண்டு கழித்து, 1949 ஜூலையில் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டதைத் தொடர்ந்து, அண்ணாதுரை தலைமையில் ஒரு பெரிய அணி வெளியேறியது. செப்டம்பர் 17-இல் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. வெளியேறியவர்களைப் பெரியார் ‘கண்ணீர்த்துளிகள்’ என்று கேலி செய்தார். அவர்களோ பெரியாரின் கொள்கைதான் தங்கள் கொள்கை என்றார்கள்.

யார் உண்மையான திராவிட இயக்கம்? ‘தேர்தலில் நிற்பவர் உண்மையான இயக்கத்தவர் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், இயக்கத்தின் முன்னோடியான நீதிக்கட்சி தேர்தலில் நின்று சென்னை மாகாணத்தை ஆண்டதே என்று பதில் வரும். ‘தனித் திராவிட நாடு கேட்பவரே உண்மையானவர்’ என்று இன்னொருவர் சொன்னால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

திமுகவின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான ஈ.வெ.கி.சம்பத் 1961-இல் கட்சியை விட்டு வெளியேறினார். திராவிட நாடு கோரிக்கை நடைமுறைக்கு ஒத்துவராது என்பது அவர் வைத்த விமர்சனங்களில் ஒன்று. அன்றைக்குக் கட்சியின் பார்வையில் அது அடிப்படைக் கொள்கையையே விட்டுக்கொடுப்பது. ஆனால் 1963-இல், பிரிவினை கேட்பவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி இந்திய அரசியலமைப்பில் 16-வது திருத்தம் வந்தது. திமுகவே அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. இரண்டே ஆண்டில் ‘அடிப்படை’ என்று சொல்லப்பட்டது அடிப்படையாக இல்லாமல் போனது.

இதை வைத்து திமுக ‘போலி’ என்று முடிவு கட்டினால் நாமும் அதே பிழைக்குள் விழுவோம். கட்சிகளும் இயக்கங்களும் மாறும். 1967-இல் ஆட்சியைப் பிடித்ததும் அண்ணா திருச்சிக்குப் போய், அதுவரை தேர்தலில் தன்னை எதிர்த்த பெரியாரைச் சந்தித்தார். அந்த ஆட்சியில்தான் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. ‘உண்மையானவர் இல்லை’ என்று கேலிக்குள்ளான அணி, இயக்கத்தின் பழைய கனவு ஒன்றைச் சட்டமாக்கியது.

ஆகவே ‘அடிப்படைக் கொள்கை’ என்று யாராவது சொன்னால் கேளுங்கள்: எந்த ஆண்டின் அடிப்படை? எழுதியது யார்?

நம்ம ஊர்க் கதை: எது உண்மையான கெராக்கான்?

இந்தக் கேள்வி பினாங்குக்குப் புதிதில்லை. 1968-இல் இன அடிப்படை இல்லாத கட்சியாக கெராக்கான் தொடங்கப்பட்டது. கல்வியாளர் சைட் ஹுசேன் அலாத்தாஸ் அதன் முதல் தலைவர். டாக்டர் டான் சீ கூன், டாக்டர் லிம் சோங் யூ போன்றோர் தொடக்க காலத் தலைவர்கள். அடுத்த ஆண்டே, 1969 பொதுத்தேர்தலில், எதிர்க்கட்சியாக நின்று பினாங்கு மாநில ஆட்சியைப் பிடித்தது. லிம் சோங் யூ முதலமைச்சர் ஆனார். 1990 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

1971-இல் கட்சி பிளந்தது. டான் சீ கூன், அலாத்தாஸ் உள்ளிட்டோர் வெளியேறி பெக்கெமாஸ் என்ற கட்சியை உருவாக்கினார்கள். கெராக்கான் 1972-இல் அன்றைய ஆளும் கூட்டணியோடு கைகோத்தது. பிறகு தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சி ஆனது.

இப்போது கேட்போம்: 1971-க்குப் பிறகு எது உண்மையான கெராக்கான்?

பெயரும் பதிவும்தான் அளவுகோல் என்றால், லிம் சோங் யூ தலைமையில் இருந்த கட்சி.

தொடங்கி வைத்தவர்கள்தான் அளவுகோல் என்றால், முதல் தலைவரே வெளியே போய்விட்டார். ஆனால் லிம் சோங் யூவும் தொடக்க காலத்தவர்தான்.

‘எதிர்க்கட்சியாக இருப்பது’ அளவுகோல் என்றால், பெக்கெமாஸ். டான் சீ கூனை ‘மிஸ்டர் ஆப்போசிஷன்’ என்றே அழைத்தார்கள். ஆனால் எதிர்க்கட்சியாக இருப்பது ஒரு கொள்கையா, ஒரு நிலைமையா? ஆட்சியைப் பிடிக்கத்தானே எல்லாக் கட்சியும் தேர்தலில் நிற்கிறது?

மக்கள் ஆதரவு அளவுகோல் என்றால், 1974 பொதுத்தேர்தலில் பெக்கெமாஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாடாளுமன்றத் தொகுதி. கெராக்கான் 2008 மார்ச் வரை பினாங்கை ஆண்டது. ஆனால் அதிகம் பேர் ஆதரிப்பதால் ஒரு கொள்கை விளக்கம் சரியாகிவிடாது. அதற்கும் தனிப் பெயர் உண்டு: கூட்டத்தைக் காட்டி வாதிடும் பிழை.

பார்த்தீர்களா? நான்கு அளவுகோலுக்கு நான்கு விதமான பதில். சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் ‘கெராக்கான்’ என்ற ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு சொல்லை வாதத்தின் நடுவில் பொருள் மாற்றிப் பயன்படுத்துவதும் ஒரு தர்க்கப் பிழைதான். ‘எந்தப் பொருளில் சொல்றீங்க?’ என்று ஒரு தடவை கேட்டாலே பல சண்டைகள் முடிந்துவிடும்.

எதிர்த் திசையில் வரும் பிழைகள்

‘உண்மையானவர் இல்லை’ என்பது ஒரு பக்கம். அதன் மறுபக்கத்திலும் பிழைகள் உண்டு.

பெயரை வைத்து முடிவு கட்டுவது. ஒருவர் தன்னை என்னவாக அழைத்துக்கொள்கிறாரோ அதுதான் அவர் என்று எடுத்துக்கொள்வது. வட கொரியாவின் அதிகாரபூர்வப் பெயரில் ‘ஜனநாயக’ என்ற சொல் இருக்கிறது. அதை வைத்து ‘ஜனநாயகம் என்றாலே இப்படித்தான்’ என்று யாரும் வாதிடுவதில்லை. பெயர் ஓர் ஆதாரம் மட்டுமே. முழு ஆதாரம் ஆகாது.

ஒருவரை வைத்து எல்லோரையும் எடைபோடுவது. கருப்புச் சட்டைக்காரர் ஒருவர் சாதி பார்த்தார். உடனே “பார்த்தியா, பெரியார்வாதிங்க எல்லாருமே வேசம்” என்பது அவசரப் பொதுமைப்படுத்தல். ஓர் எதிர் உதாரணம் ‘யாருமே செய்யமாட்டார்’ என்பதைப் பொய்யாக்கும். ஆனால் ‘எல்லோருமே செய்வார்கள்’ என்பதை நிரூபிக்காது.

‘நீ மட்டும் யோக்கியமா?’ தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் குடும்பத்தோடு நின்று தேங்காய் உடைக்கும் ஓர் இளைஞர், சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசுகிறார். “கோயிலுக்குப் போற நீ பெரியாரைப் பத்திப் பேசலாமா?” என்று வாயை அடைக்கிறார்கள். அவர் கடவுள் மறுப்பாளர் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். அதனால் சாதியைப் பற்றி அவர் சொன்னது தவறாகிவிடாது. கருத்தை விட்டுவிட்டு ஆளைத் தாக்குவது இது.

பிறப்பை வைத்து விலக்குவது. ‘அந்தக் குடும்பத்தில் பிறந்தவன் எப்படி நம்ம கொள்கைக்கு வருவான்?’ கொள்கை என்பது ஒருவர் ஏற்றுக்கொள்வது. பிறப்பால் வருவது இல்லை. பிறப்பால் வரும் உயர்வு தாழ்வை எதிர்க்கிற ஓர் இயக்கத்துக்குள் இந்த வாதம் வந்தால் அது இன்னும் முரண்.

கோடு மங்கலானதால் கோடே இல்லை என்பது. எந்த இடத்தில் ஒருவர் சோசலிசவாதியாக இருப்பதை நிறுத்துகிறார் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. அதற்காக யாரும் யாராகவும் இருக்கலாம் என்று ஆகாது. மாலை எப்போது இரவாகிறது என்று நிமிடக் கணக்கில் சொல்ல முடியாவிட்டாலும் நண்பகலையும் நள்ளிரவையும் நமக்குப் பிரித்தறியத் தெரியும்.

‘இனி இல்லை’ வேறு, ‘எப்போதுமே இல்லை’ வேறு

விலக்குவதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. இலங்கையில் 1935-இல் தொடங்கப்பட்ட லங்கா சமசமாஜக் கட்சி, டிராட்ஸ்கியவாதிகளின் சர்வதேச அமைப்பான நான்காம் அகிலத்தில் உறுப்பாக இருந்தது. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி அரசில் அந்தக் கட்சி சேர்ந்தது. முதலாளித்துவக் கட்சிகளின் ஆட்சியில் சேரக்கூடாது என்பது அகிலத்தின் நிலைப்பாடு. அதனால் கட்சி விலக்கப்பட்டது.

அந்த முடிவு அரசியல் ரீதியாகச் சரியா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் தர்க்க ரீதியாக அதில் ஒளிவுமறைவு இல்லை. நிலைப்பாடு முன்பே இருந்தது. மீறல் நடந்தது. ‘இனி நீங்கள் எங்கள் உறுப்பு இல்லை’ என்றார்கள். அவர்கள் ஒருகாலத்தில் உறுப்பாக இருந்ததை யாரும் அழிக்கத் தேவையில்லை.

நம் நாட்டிலும் இதை எளிதாகப் பொருத்திப் பார்க்கலாம். 1966 சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவாகும் ஒவ்வொரு சங்கத்துக்கும் சட்டவிதிகள் இருக்கவேண்டும். யார் உறுப்பினர் ஆகலாம், எப்படி நீக்கப்படலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒருவர் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறது, சந்தா கட்டியிருக்கிறார், செயலவைக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் ஒரு தவறு செய்தால் விசாரித்து நீக்கலாம். ‘அவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை, அவர் உண்மையான உறுப்பினரே இல்லை’ என்று மட்டும் சொல்ல முடியாது.

இதில் என்ன நட்டம்?

இது வெறும் வார்த்தை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இதில் அடிபடுபவர் ஒருவர் இருக்கிறார். மாமாக் கடை உரையாடலுக்கே திரும்பிப் பாருங்கள். கருப்புச் சட்டைக்காரரின் மகள் யாரையோ விரும்பி, அவர் சாதி காரணமாகத் தள்ளப்பட்டிருக்கலாம். அந்த இளைஞர் இயக்கத்தின் மேடையில் நம்பிக்கை வைத்து அங்கே முறையிடப் போனால், “அவரு உண்மையான ஆளே இல்லைப்பா” என்ற பதில் கிடைக்கும். யாரும் பொறுப்பேற்கவில்லை. விசாரணை இல்லை. இயக்கத்தின் பெயர் மட்டும் சுத்தமாக இருக்கிறது.

ஓர் அமைப்பில் பெண் ஒருவர் துன்புறுத்தல் பற்றிப் புகார் சொல்லும்போதும், கணக்கில் பணம் காணாமல் போகும்போதும் இதே வாக்கியம் வரும். தவறு செய்தவரை வரையறையால் வெளியேற்றிவிட்டால், ‘இவர் இத்தனை ஆண்டு நம்மிடையே எப்படி இருந்தார், ஏன் யாரும் கேட்கவில்லை’ என்ற கேள்வி எழாது. கேள்வி எழாத இடத்தில் அதே தவறு மறுபடியும் நடக்கும்.

நீங்கள் கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

அடுத்த தடவை ‘அவர் உண்மையான… இல்லை’ என்று யாராவது சொன்னால், அது நீங்களாகவே இருந்தாலும், இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, இந்த அளவுகோல் அவர் தவறு செய்வதற்கு முன்பே இருந்ததா?

இரண்டு, அது எங்கே இருக்கிறது? தீர்மானமா, சட்டவிதியா, எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கமா, இல்லை பேசுபவரின் விருப்பமா?

மூன்று, நமக்குப் பிடித்த தலைவர் இதையே செய்திருந்தால் அவரையும் விலக்கியிருப்போமா?

நான்கு, நேற்று வரை அவரால் கிடைத்த பெருமையை ‘நம்மவர்’ என்று சொல்லி ஏற்றுக்கொண்டோமா?

நான்குக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால் தாராளமாக விலக்கலாம். முடியாவிட்டால் வேறு வாக்கியம் ஒன்று இருக்கிறது: “அவரு நம்ம ஆள்தான். செஞ்சது தப்பு. நம்ம கொள்கை இதை ஏத்துக்காது. என்ன நடந்துச்சுன்னு விசாரிப்போம்.” சொல்வதற்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். ஆனால் பாதிக்கப்பட்டவர் கேட்க விரும்புவது அதைத்தான்.